சாவடிக்குக் கட்டிய மேற்கட்டி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். என் மனைவிக்குக் கோபம் வருவது அபூர்வம். ஆனால் வந்தால் குடித்தனம் போட்டு உட்கார்ந்துவிடும். எங்கள் ஊர்ச் சாவடியைப் பழுது பார்க்க லோக்கல் பண்டு என்ற சர்க்கார் நிதியிலிருந்து பணம் வாங்கிய கதையில் இந்த இரண்டு கோபங்களுக்கும் பங்கு உண்டு. ஊராருக்கும் பங்கு உண்டு. பெரும்பங்கு என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மலைக்கு மேலே பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. உத்தமபாளையத்துக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரின் யூனியனில் நான் குமாஸ்தா. தெருவைக் கூட்ட, சாக்கடையை வெட்ட, சந்தையைப் பார்த்துக்கொள்ள என்று சர்க்கார் அப்போது ஊரூருக்கு ஏற்படுத்திய சின்னச் சபைக்கு யூனியன் என்று பெயர். எங்கள் யூனியனுக்குச் சேர்மன் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர். பெரிய மனசுக்காரர். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வேலையெல்லாம் எனக்கு, மரியாதையெல்லாம் அவருக்கு என்று நான் முணுமுணுப்பேன். அவர் காதில் விழுந்தால், "அதையும் நீயே எடுத்துக்க தம்பி" என்று சிரிப்பார்.

ஆபீஸ் நடந்த இடம் சாவடி. பாளையக்காரர்கள் ஆண்ட காலத்தில் வழக்கு விசாரிக்கக் கட்டியது. கும்பினிக்காரர்கள் வந்த பிறகு சர்க்கார் கச்சேரியாக இருந்தது. அப்புறம் கொஞ்ச காலம் வரிக்கு வந்த நெல்லை அதில் அடைத்து வைத்திருந்தார்களாம். கடைசியில் யூனியன் கையில் வந்தது. பதினாறு கல் தூண்கள், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டிய மச்சு, அதைத் தாங்கும் தேக்கு உத்திரங்கள். ஒரு தூணில் ஒரு கிளி செதுக்கியிருக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாரும் தடவித் தடவி அதற்கு மூக்கே இல்லாமல் போய்விட்டது. சந்தை நாளில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் காப்புக்கு ஆளில்லாமல் போவார்கள். சாவடியில் வைத்த மூட்டை காணாமல் போனதாக என் காலத்தில் ஒரு மனு வந்ததில்லை. கைப்பிள்ளைக்காரிகள் தூண் மறைவில் உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். மலையாளத்துப் பக்கமிருந்து வரும் வியாபாரிகள் வெற்றிலை போட்டுக் கீழே துப்ப, நான் எழுந்து போய்ச் சண்டை பிடிப்பேன். பின்கட்டில் இருந்த இரண்டு அறைகளில்தான் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். எனக்கு அந்தக் கட்டிடத்தின் மேல் ஆசை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். இப்போது மறுக்க மாட்டேன்.

நடு உத்திரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. முதலில் விரல் நுழைந்தது, இரண்டு மழைக்காலம் கழித்துக் கையே நுழைந்தது. கரையான் வேறு. ஒரு பனந்துண்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தோம். மழை பெய்தால் என் மேசையை எந்தப் பக்கம் இழுத்துப் போடுவது என்று தெரியாது. தாலுகா போர்டிலிருந்து கடிதம் வந்தது. கட்டிடம் பழுது பார்க்கத் தகுந்ததானால் லோக்கல் பண்டிலிருந்து பணம் கேட்கலாம். ஓவர்சியர் வந்து பார்த்து எழுதுவார். இல்லையென்றால் கல்லையும் மரத்தையும் ஏலத்தில் விட்டுவிட்டு எங்கள் யூனியனைப் பக்கத்து யூனியனோடு சேர்த்துவிடலாம். சேர்த்துவிட்டால் அங்கே ஏற்கெனவே ஒரு குமாஸ்தா இருந்தார்.

எனக்கு வேறு வேலை கிடைக்காமல் இல்லை. அதுதான் கஷ்டம். அணை வேலையில் எழுதப் படிக்கத் தெரிந்தவனைக் கைநீட்டி அழைத்துக்கொண்டிருந்தார்கள். என் மைத்துனன், மனைவிக்கு ஒரே தம்பி, அப்படித்தான் ஆள்பேர் எழுதும் வேலைக்குப் போனான். இரண்டாவது வருஷம் மலைக்காய்ச்சலில் அங்கேயே போய்விட்டான். அடக்கமும் அங்கேயே. ஊருக்கு வந்தது அவன் போர்த்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் கம்பளி மட்டும். அதை அவள் துவைக்கவில்லை, போர்த்தவும் இல்லை. மடித்துத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். வேலை போனால் நான் மலைக்குப் போக வேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரியும். அப்போது அவளுக்கு நாலு மாசம்.

மனுவை நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். மாசி மாசம் ஒரு வியாழக்கிழமை ஓவர்சியர் வருகிறார் என்று பதில் வந்தது. அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

"சர்க்கார் ஆள் வாராக. இங்கன இப்படியா கெடக்கும்? மானம் போயிரும் தம்பி" என்றார் ராவுத்தர்.

சுண்ணாம்பு முழுவதும் அணைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கிருந்தோ இரண்டு வண்டிச் சுண்ணாம்பைப் பிடித்து வந்தார். சுவரெல்லாம் வெள்ளையடித்தோம். வெடிப்புகளில் சாந்து பூசி அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசினோம். கீழே செங்காவிப் பட்டை. எங்கள் மாதா கோவில் திருவிழாவுக்கு வைத்திருந்த காகிதத் தோரணத்தைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்தவன் நான். நடுவில் நின்ற பனந்துண்டு கண்ணை உறுத்தியது. அதைச் சுற்றி வாழை மரம் கட்டினோம். முட்டு என்று தெரியவில்லை, பந்தல்கால் என்றே தோன்றியது.

கடைசியாக ஊர் வண்ணார் வந்தார். கல்யாணமோ சாவோ, பெரிய மனிதர் வருகையோ, எதுவானாலும் கூரைக்கு அடியில் வெள்ளைத் துணியால் மேற்கட்டி கட்டுவது அவருடைய உரிமை. வந்தவர் தலைமேல் ஒட்டடையும் தூசியும் விழக்கூடாது, அதுதான் மரியாதை. சாவடி முழுவதற்கும் கட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்துவிட்டுக் கீழே இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "மேகம் மாதிரி இருக்கு பாத்தீகளா" என்றார். இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவி மட்டும் பின்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உத்திரம் எங்க?" என்று கேட்டாள். நான் தோரணம் கட்டும் அவசரத்தில் இருந்தேன்.

ஓவர்சியர் மட்டக்குதிரையில் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு பிரம்பு. வாசலில் மேளம். மாலை போட்டோம். மேற்கட்டிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து இளநீர் கொடுத்தோம். அவர் சுற்றிலும் பார்த்தார். மேலே பார்த்தார். வெள்ளைத் துணி.

"கட்டிடம் எப்படி இருக்கிறது?" என்று ராவுத்தரைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் சௌக்கியம் கேட்டால் யாராவது நோயைச் சொல்லுவார்களா? ராவுத்தர் இரண்டு கையையும் குவித்தார். "ஆண்டவன் கிருபையில, அய்யா தயவுல, ஒரு கொறையும் இல்லைங்க."

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "குமாஸ்தா, நீர் என்ன சொல்கிறீர்?"

சொல்லியிருக்க வேண்டும். மனு எழுதியவன் நான், கையை விட்டுப் பார்த்தவனும் நான். ஆனால் ராவுத்தர் இப்போதுதான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். ஊரே நின்று பார்க்கிறது. அவருக்கு எதிரே நின்று, இல்லை, இவர் சொல்வது பொய் என்று எப்படிச் சொல்வது? "சேர்மன் சொன்னதுதானுங்க" என்றேன். அவர் பிரம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். ஒரு தார் வாழைப்பழமும் எலுமிச்சம்பழங்களும் கொடுத்து எல்லை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தோம். அன்று சாயங்காலம் ஊரில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. ராவுத்தரும் மெம்பர்களும் உட்கார்ந்திருக்க நான் வாசித்தேன். இவ்வளவு பழைய கட்டிடத்தை இவ்வளவு நேர்த்தியாக வைத்திருப்பதற்காக யூனியனாரைப் பாராட்டுகிறோம் என்று தொடங்கியது. ராவுத்தர் நிறுத்தச் சொல்லி, வாசலில் நின்றவர்களையும் உள்ளே கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாவது வரி இப்படி இருந்தது. ஆகையால் பழுது பார்க்கப் பணம் எதுவும் தேவைப்படவில்லை என்று காண்கிறது.

ராவுத்தர் என் கையிலிருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தார். "நாம கேட்டது..." என்றார். அப்புறம் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார். மேற்கட்டியை அவிழ்த்தாகிவிட்டது; வெடிப்பு அப்படியே இருந்தது. வண்ணார் தூண் ஓரத்தில் நின்றிருந்தார். "அப்ப என் துணியாலதான் கெட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எனக்கு எல்லார் மேலும் கோபம். சுண்ணாம்பு கொண்டு வந்தவர் மேல், மேளக்காரன் மேல், மூக்கில்லாத கிளி மேல்கூட. அதே கோபத்தோடு பின்கட்டுக்குப் போய் என் மனைவியிடம் ஊரைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊர வையாதீக. அவுகளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? கல்யாண வீடு கணக்காச் சோடிச்சுப்புட்டு, பொண்ணுக்குக் காலு ஒடஞ்சிருக்குன்னு வாயத் தொறக்காம நின்னீகளே."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்று மட்டுமில்லை, மூன்று நாளும் இல்லை. நான்காம் நாள் காலையில் கொடியில் ஏதோ கறுப்பாகத் தொங்கியது. அவள் தம்பியின் கம்பளி. வெயிலில் போட்டிருந்தாள். பக்கத்தில் அந்தத் தகரப் பெட்டி திறந்திருந்தது. அதில் என் வேட்டிகள் மடித்து வைத்திருந்தன. மலையில் குளிருமே என்று எனக்காக எடுத்திருக்கிறாள். அவள் அழவில்லை. நான்தான் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவளிடம் அப்போது எனக்கு இருந்த பிரியத்தை அவளிடமே சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் இந்தக் காகிதத்தில்தான் சொல்கிறேன்.

அன்றைக்கே வண்டி பிடித்தேன். தாலுகா போர்டு ஆபீசில் விசாரித்தால் ஓவர்சியர் தேவதானப்பட்டியில் முகாம் என்றார்கள். அதே வண்டியில் ஜெயமங்கலம் வழியாகப் போனேன். வண்டிக்காரன் வழியெல்லாம் நெல் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். ஒன்றும் காதில் ஏறவில்லை. தேவதானப்பட்டிக்கு வெளியே ஓவர்சியர் ஒரு வாய்க்கால் பாலத்தை அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அழகான சாவடிக்காரர்" என்று சிரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பு போய்விட்டது.

"அந்தத் துணிக்கு மேலே என்ன இருந்தது?"

"உத்திரம்."

"அதில்?"

"கை நுழையும் வெடிப்பு. அய்யா நாற்காலிக்கு நேர் மேலே."

கையிலிருந்த அளவுச் சங்கிலியைக் கீழே போட்டார். "என் தலையில் விழுந்திருந்தால்? கேட்டேனே ஐயா, வாய்விட்டுக் கேட்டேனே! ஏன் மறைத்தீர்கள்?"

"மறைக்கலை. விருந்தாளி வந்தா நல்ல பாயத்தானே எடுத்து விரிப்போம்? அதத்தான் செஞ்சோம்."

"நான் விருந்தாளி இல்லை. ஓவர்சியர்."

கீழே கிடந்த சங்கிலியை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். பங்குனிக்குள் கம்பத்துக்கு ஒரு வேலையாகப் போக வேண்டியிருக்கிறது, வழியில் இறங்கிப் பார்க்கிறேன், நாள் சொல்ல மாட்டேன் என்றார். "ஒரு மாலை, ஒரு மேளம், ஒரு வாழைப்பழம் கண்ணில் பட்டாலும் குதிரையைத் திருப்பிவிடுவேன். ஊரில் சொல்லிவிடும்."

சொன்னேன். ஊருக்கு அதைப்போல ஒரு தண்டனை கிடையாது. தெருக்கூட்டுகிறவர்கள், "அப்ப வாசலயும் கூட்டக் கூடாதா?" என்று தினம் கேட்டார்கள். ராவுத்தர் கடையை விட்டு எழுந்து வந்து, "ஒரு செம்பு தண்ணியாச்சும் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார். கூடாது என்பேன். அரை நாழிகையில் மறுபடி வருவார்.

ஒரு நாள், முந்தின தினம் கோடை மழை அடித்து ஓய்ந்திருந்த காலை, மட்டக்குதிரை வந்து நின்றது. தெருவில் ஒரு ஆள் இல்லை. வெறுங்கையோடு எதிரே நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்கள். ஓவர்சியர் என்னைப் பார்த்து, "ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். ராவுத்தர் மட்டும் கிளித் தூண் அருகில் நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கும்பிடக்கூடக் கூடாது என்று நான் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

ஓவர்சியர் உள்ளே வந்தார். தரையில் குட்டையாகத் தண்ணீர். பூசிய சாந்து ஈரத்தில் பெயர்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்து, பிரம்பால் உத்திரத்தை லேசாகக் குத்தினார். ஒரு கூடைக் கரையான் மண் அவர் தலைப்பாகையில் கொட்டியது. ராவுத்தர் "யா அல்லா!" என்று கண்ணை மூடிக்கொண்டார். பின்கட்டிலிருந்து என் மனைவி ஒரு செம்பு நீர்மோரோடு வந்தாள். என்னிடம் அவள் அனுமதி கேட்கவில்லை.

"முதல்ல நல்லா மேல பாத்துக்கிருங்க அய்யா. எழுதிக்கிருங்க. அப்பறமா குடிங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். நோட்டில் எழுதினார். பிறகு மோரைக் குடித்தார். போகும்போது ராவுத்தரிடம், "கையில் என்ன?" என்று கேட்டார். ராவுத்தர் மெதுவாகக் கையை முன்னால் கொண்டு வந்தார். ஒரு எலுமிச்சம்பழம். "வெறுங்கையா நிக்க முடியலைங்க" என்றார். ஓவர்சியர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பணம் சாங்ஷன் ஆகி வந்தது. உத்திரத்துக்கும் மச்சுக்கும் சர்க்கார் தரும், ஆள் வேலை ஊர் செய்ய வேண்டும், பழைய தூண்களையும் அமைப்பையும் மாற்றக் கூடாது என்று இருந்தது. கிளிக்கு மூக்கு வைக்கலாமா என்று ஒரு மெம்பர் கேட்டார். என் கோபத்தைப் பார்த்து விட்டுவிட்டார். சித்திரை பிறந்ததும் காய்ச்சல் காலம் என்று மலை வேலையை நிறுத்திக் கொத்தனார்களைக் கீழே அனுப்புவார்கள். அந்த வருஷம் இறங்கியவர்களில் நாலு பேரை ராவுத்தர் வழியிலேயே மடக்கிக்கொண்டார். புது உத்திரத்தை மேலே ஏற்றிய நாளில் ஊரே வடம் பிடித்தது. அவரவர் சாமியை அவரவர் கூப்பிட்டார்கள். உத்திரம் எல்லார் சத்தத்துக்கும் பொதுவாக ஏறியது. சாரல் தொடங்குவதற்குள் மச்சுத் தட்டி முடித்தாகிவிட்டது.

முடிந்த வேலையைப் பார்க்க ஓவர்சியர் வருகிறார் என்று ஆனியில் தகவல் வந்தது. இந்தத் தடவை மாலை உண்டு, மேளம் உண்டு. வண்ணார் மட்டும் வரவில்லை. என் மனைவி ஆள் அனுப்பினாள். எட்டு மாசம் கடந்த வயிற்றோடு வாசலில் நின்றாள். அவர் வெறுங்கையோடு வந்து தள்ளி நின்றார்.

"துணி எங்கண்ணே?"

"வேணாம் ஆத்தா. நான் கட்டுனா வெளங்காது."

"மேல கட்ட வேணாம். மேல எல்லாரும் பாக்கணும். கீழ விரிங்க. அவுக நடந்து வரட்டும்."

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஓடிப்போய்த் துணிகளை எடுத்து வந்தார். தெரு முனையிலிருந்து கிளித் தூண் வரை நடைபாவாடை விரித்தார். ஒரு சுருக்கம் இல்லை. ஓவர்சியர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து வந்தார். உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தார். ஊர் முழுவதும் கூடவே அண்ணாந்து பார்த்தது. புதுத் தேக்கு, எண்ணெய் பூசியது, பளபளவென்று இருந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார், ராவுத்தரைப் பார்த்து.

ராவுத்தர் வாயைத் திறந்தார், மூடினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி சொல்லட்டும்" என்றார்.

"மேற்கு மூலையில் கொஞ்சம் ஒழுகுதுங்க" என்றேன். சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. அந்த மூலையையும் பிறகு சரி செய்தோம்.

எல்லாரும் போன பிறகு வண்ணார் தெருவிலிருந்து துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். என் வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அடியில் இருந்த கறுப்புக் கம்பளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் தம்பி போனதிலிருந்து தண்ணீர் படாத கம்பளி. முகத்தோடு ஒரு தரம் வைத்துக்கொண்டாள்.

"இதயும் எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று வண்ணாரிடம் நீட்டினாள். "நல்லா வெளுத்துக் கொண்டாங்க. மலைக்கு ஆரும் போகல. பிள்ளைக்கு விரிக்கணும்."